அத்தை கிளறிய தேங்காய் சாதம்

நடுவர் அவர்களுக்கும் அவையில் இருக்கும் பெரியோர்களுக்கும் வணக்கம். கையில் இருப்பது ஏழு நிமிடம், அதனால் வணக்கத்தை இத்தோடு முடித்துக்கொள்கிறேன்.

இரவெல்லாம் வெளியில் இருந்த சாப்பாட்டைக் காலையில் சாப்பிடலாமா, கூடாதா என்பது தலைப்பு. கூடாது என்று சொல்ல வந்திருக்கிறேன். அதற்கு முன்னால் இதே பெரம்பூரில் எங்கள் வீட்டில் நடந்த ஒரு வளைகாப்பைச் சொல்லியாக வேண்டும்.

என் தங்கைக்கு வளைகாப்பு. மே மாதம், மண்டையைப் பிளக்கிற வெயில். சீர்வரிசைத் தட்டில் வந்த தேங்காய் மட்டும் இருபது. எங்கள் அத்தைக்குத் தேங்காய் சும்மா கிடந்தால் கை அரிக்கும். சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு அண்டா நிறைய தேங்காய் சாதம் கிளறிவிட்டார். மத்தியானச் சாப்பாடே இன்னும் செரிக்கவில்லை, யார் சாப்பிடுவார்கள்? முக்கால் அண்டா அப்படியே மீந்துவிட்டது. கொட்டலாம் என்று தம்பி வாயைத் திறந்தான். “அரிசியைக் கொட்டினா மகாலட்சுமியே வீட்டை விட்டுப் போயிடுவாடா” என்றார் அத்தை. பிரிட்ஜில் பாலும் பூவும் பழமுமாக விரல் நுழைய இடமில்லை. சூடு ஆறாத அண்டாவைத் தட்டு போட்டு மூடி, அடுக்களை மூலையில் தள்ளிவிட்டுப் படுத்துவிட்டோம்.

காலையில் அத்தை நெய் ஊற்றி, கடுகு, கறிவேப்பிலை, முந்திரி, பெருங்காயம் எல்லாம் தாளித்து, அதே சாதத்தைப் புகை பறக்கப் பிரட்டினார். வாசனை மூன்று மாடிக்கும் போனது. எதிர்வீட்டு அம்மா கதவைத் திறந்து, “என்ன விசேஷம் இன்னும் முடியலையா?” என்று கேட்டார். எட்டு மணிக்குச் சாப்பிட்டோம். நேற்றைவிட இன்றைக்குத்தான் ருசி என்று சித்தப்பா இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டார். தங்கை மட்டும் வாசனை பிடிக்கவில்லை என்று தொடவே இல்லை. குலதெய்வம்தான் அவள் கையைத் தடுத்தது.

பத்தேகால் மணி. பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமா எழுந்தார். பேப்பரை மடிக்கவில்லை, அப்படியே போட்டுவிட்டுப் போனார். கதவு சாத்துகிற சத்தம். இரண்டு நிமிடத்தில் சித்தப்பா கதவுக்கு வெளியே வந்து நின்றார். “மச்சான், கொஞ்சம் சீக்கிரம்.” உள்ளேயிருந்து பதில் இல்லை, வேறு சத்தம்தான் வருகிறது. சித்தப்பாவுக்குப் பின்னால் தம்பி. தம்பிக்குப் பின்னால் நான். எங்களுடையது ஹவுசிங் போர்டு வீடு, ஒரே ஒரு பாத்ரூம். நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: பாத்ரூம் ஒன்று, ஆள் ஏழு! தம்பி எதிர்வீட்டுக்கு ஓடினான். சித்தி கீழ்வீட்டுக்கு ஓடினார். அத்தை மேல்மாடிக்கு ஏறினார், பாதிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நேற்று வளையல் வாங்கிக்கொண்டு போன அத்தனை வீட்டிலும் இன்று எங்கள் சொந்தக்காரர் ஒருவர் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு உள்ளே இருக்கிறார்!

தளதளவென்று சூடு பண்ணித்தானே சாப்பிட்டோம், அப்புறம் ஏன் இப்படி? பேசில்லஸ் சீரியஸ் என்று ஒரு கிருமி. பேரிலேயே சீரியஸ் இருக்கிறது பாருங்கள். அரிசியிலேயே விதை மாதிரி ஒளிந்திருக்கும், உலையில் கொதித்தாலும் சாகாது. சாதம் வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் விழித்துக்கொண்டு பெருகும், விஷத்தைக் கக்கும். மறுநாள் எவ்வளவு சூடாக்கினாலும் அந்த விஷம் அழியாது. அத்தை போட்ட பெருங்காயம் வாடையை மறைத்தது, விஷத்தை ஒன்றும் செய்யவில்லை. சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காதே என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். மே மாத ராத்திரியில் சென்னை அடுக்களை எந்த டிகிரியில் இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

இப்போது எதிரணி அண்ணனிடம் வருகிறேன். அவர் என்னைப் பார்த்து ஒன்று கேட்டார், நீங்களும் கை தட்டினீர்கள். “வீட்டுக்கு பிரிட்ஜ் வந்ததும் ஆயா போட்ட பழைய சோறு விஷமாயிடுச்சா தங்கச்சி?”

அண்ணே, என் ஆயா வியாசர்பாடியில் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து வேலைக்குப் போனவர். பழைய சோறு தின்று வளர்ந்த உடம்பு இது. அதை நான் விஷம் என்று சொல்வேனா? ஆனால் ஆயா என்ன செய்தார் என்று நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். சாதம் ஆறியதும் மண்சட்டியில் போடுவார். புறங்கையை வைத்துப் பார்த்து, சோறு மூழ்கி அதற்கு மேல் இரண்டு விரக்கடை நிற்கிற மாதிரி தண்ணீர் ஊற்றுவார். ஒரு பருக்கை வெளியே தெரியக் கூடாது. அந்தத் தண்ணீருக்குள் நல்ல நுண்ணுயிர்கள் வேலை செய்து புளிக்கவைக்கும். தயிர் புளிக்கிறதே, அதே வேலைதான். புளிப்பு ஏற ஏறக் கெட்டதுக்கு இடம் குறையும். விடிந்ததும் உப்பு, மோர், சின்ன வெங்காயம். சூரியன் உச்சிக்கு வருவதற்குள் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்.

அது மீந்துபோன சோறா? இல்லை அண்ணே, அது ஒரு சமையல்! மீன் குழம்பையும் ஆயா சும்மா விட்டதில்லை. ராத்திரி ஒரு கொதி, காலையில் ஒரு கொதி, சுண்டச் சுண்ட வைப்பார். அதுவும் புளி கரைத்த குழம்பு. கோயில் புளியோதரை தாங்குகிறது என்றால் அதிலும் புளியும் எண்ணெயும் இருக்கிறது. தேங்காய் அரைத்தது எதையும் மறுநாளுக்கு ஆயா வைத்ததே இல்லை, “ஊசிப்போயிடும்” என்பார். படிக்காத என் ஆயாவுக்கு எது தாங்கும், எது தாங்காது என்று தெரிந்திருந்தது. ராத்திரி பதினொரு மணிக்கு பிரியாணிப் பொட்டலத்தைப் பாதி தின்றுவிட்டு டைனிங் டேபிளில் வைத்துத் தூங்குகிற நாம், ஆயா பேரைச் சொல்லித் தப்பிக்கக் கூடாது. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் பழைய சோற்றை வைத்து ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள் என்றீர்கள். வடசென்னைக்காரியான எனக்கு அதில் உங்களைவிடப் பெருமை. அவர்கள் எடுத்திருப்பது தண்ணீர் ஊற்றிய சோற்றை அண்ணே, எங்கள் அத்தை அண்டாவை இல்லை!

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, ஒரு நிமிடம் கொடுங்கள். அந்த வளைகாப்புக் கதையை நான் முழுசாகச் சொல்லவில்லை.

ஆள் ஏழு என்றேன். அன்றைக்கு அந்தச் சாதத்தைச் சாப்பிட்டது எட்டுப் பேர். எட்டாவது ஆள் வரிசையில் வந்து நிற்கவில்லை. யாரும் தேடவும் இல்லை. பகல் பன்னிரண்டு மணிக்குத் தங்கைதான் தண்ணீர் எடுக்க அடுக்களைக்குள் போய்க் கத்தினாள். எங்கள் அம்மா அண்டா பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். புடவை முழுக்க வாந்தி. கூப்பிட்டால் கண் திறக்கிறது, பேச்சு வரவில்லை. எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்கார்ந்து, அண்டா அடியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டி, வீணாகப் போகக் கூடாது என்று மற்றவர்களைவிட அதிகமாகச் சாப்பிட்டிருக்கிறார். வயிறு புரட்டியபோது, உள்ளே ஆள் இருக்கிறதே, அவர்கள் முடிக்கட்டும் என்று உட்கார்ந்திருக்கிறார்.

இரண்டு நாள் டிரிப்ஸ் ஏறியது. மூன்றாம் நாள் கண் விழித்ததும் என் கையைப் பிடித்து அம்மா கேட்டார்: “மீதி சாதத்தைக் கொட்டிட்டீங்களா? அவ்வளவு அரிசியாச்சேடி.”

அண்ணே, ராத்திரி மீந்ததைக் காலையில் சாப்பிடலாம் என்று நீங்கள் பேசினீர்கள். உங்கள் வீட்டில் அதைச் சாப்பிடுவது யார்? நீங்களா? பிள்ளைகளுக்குச் சூடாக இட்லி ஊற்றிக் கொடுத்துவிட்டு, அடுப்படியில் நின்றுகொண்டே நேற்றைய சாதத்தை வழித்துப் போட்டுக்கொள்வது யார்? என் அம்மா அதோ மூன்றாவது வரிசையில், அந்தத் தூண் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். இப்போதெல்லாம் ராத்திரி மீந்தால் நான் தட்டில் பரப்பி ஆற வைத்து, சின்னச் சின்ன டப்பாவில் போட்டு உடனே பிரிட்ஜுக்குள் வைத்துவிடுகிறேன். அதற்கு முன்னால் உலை வைக்கும்போதே ஒரு பிடி அரிசியைத் திரும்ப டின்னில் போடுகிறேன். அம்மாவை எங்களோடு முதல் பந்தியில் உட்கார வைக்கிறேன். அம்மா, எழுந்திருக்க வேண்டாம், உட்காருங்கள். நன்றி, வணக்கம்.