அப்பீலா, மாற்று மனுவா?

அனைவருக்கும் வணக்கம்.

குடும்ப நீதிமன்றத்தில் தீர்ப்பு சொன்ன அன்றைக்கு, தோற்றவர் வெளியே வந்ததும் சொல்வது, "அப்பீல் போடுகிறேன்" என்பதுதான். சரி, போடலாம். எதைச் சொல்லிப் போடுவீர்கள்?

சாட்சிகளின் முகத்தைப் பார்த்தவர், குழந்தையோடு பேசியவர் கீழ் நீதிமன்ற நீதிபதி. அதனால் பிள்ளை யாரிடம் வளரவேண்டும் என்ற அவருடைய முடிவில் மேலே இருப்பவர்கள் லேசில் கைவைக்க மாட்டார்கள். சட்டத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டாரா, முக்கியமான சான்றைப் பார்க்காமல் விட்டாரா, காரணமே சொல்லாமல் முடித்துவிட்டாரா என்றுதான் பெரும்பாலும் தேடுவார்கள்.

அப்பீல் என்று கிளம்புகிறவர்களில் பலருக்கு வேண்டியது அப்பீலே இல்லை. வேலை போய்விட்டது, தீர்ப்பில் சொன்ன ஜீவனாம்சத் தொகையைக் கட்ட முடியவில்லை. மகள் வளர்ந்துவிட்டாள், அப்பாவோடு இருக்க ஆசைப்படுகிறாள். இதெல்லாம் தீர்ப்புக்கு அப்புறம் நடந்தவை. நாளைக்கு நடக்கப்போவதைப் பார்க்கவில்லை என்று நீதிபதியைக் குற்றம் சொல்ல முடியுமா? பொதுவாக, தீர்ப்பு தந்த நீதிமன்றத்திலேயே உத்தரவை மாற்றக் கேட்டு மனுப் போடவேண்டும். பிள்ளை விஷயத்தில் எந்த உத்தரவும் கல்வெட்டு அல்ல.

அப்பீல்தான் என்றால், கெடுவைப் பாருங்கள். இந்தியாவில் 1984ஆம் ஆண்டு குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 19ஆம் பிரிவு 30 நாள் தருகிறது. அழுது முடித்து, சொந்தக்காரர்களிடம் யோசனை கேட்டு, வக்கீலைத் தேடுவதற்குள் பாதி ஓடிவிடும். அதே பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது. இருவரும் சம்மதித்துப் பெற்ற தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது. கையெழுத்துப் போட்டுவிட்டு, "அன்றைக்கு மனசு சரியில்லை" என்று வருகிறவர்களை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கும்.

ஆனால் பெரிய சிக்கல் வேறு. அப்பீல் போட்டாச்சு, இனிப் பணம் கட்டவேண்டாம் என்ற நினைப்பு! போட்டதாலேயே உத்தரவு நின்றுவிடாது. தடையைத் தனியாகக் கேட்கவேண்டும். பிள்ளையின் சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் போகிற பணத்தை நிறுத்த எந்த நீதிபதிக்கும் சுலபத்தில் மனம் வராது. தடை கிடைக்கும்வரை மாதாமாதம் கட்டுங்கள். இல்லையென்றால் நிலுவை ஏறிக்கொண்டே போகும். பிள்ளை உங்களிடம் இருந்தால், தீர்ப்பில் சொன்ன நாளில் மற்றவரிடம் அனுப்பிவிடுங்கள். அனுப்பாமல் வைத்துக்கொண்டு "மேலே வழக்கு இருக்கிறது" என்பவரை, மேலே உட்கார்ந்திருப்பவர் எந்தக் கண்ணால் பார்ப்பார்?

தீர்ப்பின் சான்று நகலுக்கு உடனே மனுக் கொடுங்கள். கைக்கு வந்ததும் ஒரு தடவை கோபத்தோடு படியுங்கள், தவறில்லை. மறுநாள் பென்சிலோடு படியுங்கள். இரண்டாம் தடவை கோடு போட்ட இடங்களை மட்டும் வக்கீலிடம் காட்டுங்கள்.

கேள்வி இருப்பவர்கள் கை தூக்கலாம்.