தாவரவியல் படித்துவிட்டு சுற்றுச்சூழல் மானுடவியலுக்குப் போகலாமா?

அடுத்த கேள்வி, தஞ்சாவூரிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். பி.எஸ்சி. தாவரவியல் கடைசி வருடமாம். சுற்றுச்சூழல் மானுடவியலில், அதாவது மனிதர்களுக்கும் அவர்களைச் சுற்றியுள்ள இயற்கைக்கும் உள்ள உறவை ஆராயும் துறையில், முதுகலை படிக்க ஆசை, ஆனால் "அது என்ன படிப்பு, வேலை கிடைக்குமா" என்று அப்பா கேட்கிறார், என்ன பதில் சொல்வது என்கிறார்.

சரி, அப்பாவுக்கு ஒரு கதை சொல்லுங்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் கினி நாட்டில் கிஸ்ஸிடூகு என்று ஒரு பகுதி. எங்கு பார்த்தாலும் புல்வெளி, நடுநடுவே ஊர்கள். ஒவ்வொரு ஊரைச் சுற்றியும் அடர்த்தியாக ஒரு காட்டுத் திட்டு. அங்கே ஆட்சி செய்த பிரெஞ்சு அதிகாரிகள் இதைப் பார்த்துவிட்டு, "ஒரு காலத்தில் எல்லாமே காடு, இந்த ஜனங்கள் எரித்து அழித்துவிட்டார்கள், மிச்சம் இதுதான்" என்று முடிவு கட்டினார்கள். விடுதலைக்குப் பிறகு வந்த அதிகாரிகளும் அதையே நம்பினார்கள். 1990களில் ஜேம்ஸ் ஃபேர்ஹெட், மெலிசா லீச் என்ற இரண்டு மானுடவியலாளர்கள் ஊர்ப் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்டபோது கதை தலைகீழாக வந்தது. முதலில் புல்வெளி, அதில் ஊர், ஊர் வந்த பிறகுதான் காடு! ஊரை ஒட்டி மாடு மேய்வதால் புல் குறையும், காட்டுத்தீ நெருங்காது. வீட்டுக் குப்பையும் சாம்பலும் சேர்ந்து மண் வளமாகும். போதாததற்கு மரங்களையும் நட்டிருக்கிறார்கள். 1952இல் எடுத்த வான்படங்களைப் பிற்காலச் செயற்கைக்கோள் படங்களோடு ஒப்பிட்டால், பல இடங்களில் திட்டுகள் வளர்ந்துதான் இருக்கின்றன.

அந்தத் திட்டில் என்ன மரம் நிற்கிறது என்று உங்களுக்கு இப்போதே சொல்லத் தெரியும். அது எப்படி அங்கே வந்தது, யார் வளர்த்தார்கள், அழித்தவர்கள் என்ற பழி ஏன் அவர்கள் மேலேயே விழுந்தது என்று கேட்கக் கற்றுக்கொள்வதுதான் இந்தப் படிப்பு. அதனால் தாவரவியல் உங்களுக்குக் கூடுதல் பலம்தான். மானுடவியல் மாணவர்கள் பலருக்குச் செடியை அடையாளம் காணத் தெரியாது, நான் உட்பட.

எங்கே படிப்பது? நம் நாட்டில் இந்தப் பெயரிலேயே முதுகலை கிடைப்பது அபூர்வம். சென்னைப் பல்கலைக்கழகம், புதுச்சேரிப் பல்கலைக்கழகம் போல மானுடவியல் துறை உள்ள இடத்தில் சேர்ந்து, ஆய்வேட்டுக்குச் சூழல் சார்ந்த தலைப்பை எடுத்துக்கொள்வதுதான் வழக்கமான வழி. தகுதி என்ன என்று அந்தந்த வருட அறிவிப்பில் பாருங்கள். வெளிநாடு என்றால் பழைய வீடியோக்களில் எல்லோரும் இங்கிலாந்தின் கென்ட் பல்கலைக்கழகத்தைச் சொல்வார்கள். 2024இல் அவர்கள் மானுடவியலைப் படிப்படியாக நிறுத்துவதாக அறிவித்துவிட்டார்கள், அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். அப்புறம், பிரிட்டனில் முதுகலை பெரும்பாலும் ஒரே வருடம்தான். களப்பணிக்குச் சில வாரம் கிடைத்தாலே அதிகம், ஆனால் கட்டணம் லட்சக்கணக்கில். கடன் வாங்கிப் போகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

வேலை விஷயத்தில் ஒளிக்காமல் சொல்கிறேன். "சுற்றுச்சூழல் மானுடவியலாளர் தேவை" என்று விளம்பரம் வராது. ஆனால் 2013 நிலம் கையகப்படுத்தும் சட்டம் சமூகத் தாக்க மதிப்பீடு கேட்கிறது, அதாவது நிலம் எடுப்பதால் அங்குள்ள மக்களுக்கு என்ன ஆகும் என்ற ஆய்வு. 2006 வன உரிமைச் சட்டத்தில் கிராம சபைகள் உரிமை கோருவதற்கு ஆவணமும் வரைபடமும் தயாரிக்க ஆள் வேண்டும். இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகளிலும் இடம் உண்டு. கல்லூரி ஆசிரியர் பணி என்றால், அதற்கான தகுதித் தேர்வான நெட் தேர்வில் மானுடவியல் தனிப் பாடமாகவே இருக்கிறது. சம்பளம் ஐ.டி. மாதிரி இருக்காது, அதை அப்பாவிடம் மறைக்க வேண்டாம்.

ஒன்று மட்டும் சேருவதற்கு முன்பே செய்து பாருங்கள். நான் படிக்கும்போது ஒரு மீனவ ஊருக்கு நாற்பது கேள்விகளை அச்சடித்து எடுத்துப் போனேன். முதல் கேள்வியே "எத்தனை வகை மீன் பிடிக்கிறீர்கள்?" வலை பிரித்துக்கொண்டிருந்த அண்ணன் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "எந்தக் காத்துல கேக்குற? கச்சான்லயா, வாடையிலயா?" என்றார். என் தாளில் காற்றுக்குக் கட்டமே இல்லை. தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்து சிக்கெடுத்தேன். நாலு நாள் கழித்துத்தான் ஒழுங்காகக் கேள்வி கேட்க வந்தது. இந்த விடுமுறையில் உங்கள் பக்கம் ஏதாவது ஒரு ஏரிக்கரை ஊரில் பத்து நாள் அப்படி உட்கார்ந்து பாருங்கள். எரிச்சல் வந்தால் தாவரவியலிலேயே தொடரலாம், தப்பில்லை.