நான்கு நாள் நடை, ஜெயித்தவர் யாரும் இல்லை

வணக்கம் மக்களே. பினாங்கு தாவரவியல் பூங்கா வாசலில் இருந்து பேசுகிறேன். ஜீப் ரோட்டில் ஏறி இறங்கிவிட்டு வந்திருக்கிறேன், மூச்சு வாங்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பின்னால் குரங்குகள் இருக்கின்றன, அதனால் பையை விடமாட்டேன்.

மாரத்தான் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். யாரோடும் போட்டி போடாமல், நாள் கணக்கில் நடக்க மட்டுமே ஒரு நிகழ்ச்சி இருக்கிறது தெரியுமா? நெதர்லாந்தில் நைமேகன் நகரத்து நான்கு நாள் நடை. 1909-இல் ஆரம்பித்தது. அப்போது அது பெரும்பாலும் பட்டாளத்துக்காரர்கள் சமாச்சாரம்: முதல் வருஷம் நடந்த 306 பேரில் பொதுமக்கள் 10 பேர்தான். 1925-இல் இருந்து நைமேகனே அதற்கு நிரந்தர ஊர். 1928-இல், ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் நடந்த அதே வருஷம், வெளிநாட்டுக்காரர்களும் நடக்க வந்தார்கள். இப்போது ஒவ்வொரு ஜூலையிலும் நாற்பதாயிரம் பேருக்கு மேல் வருகிறார்கள்.

போட்டி இல்லை என்றதும் மாலை நேரத்து உலா என்று நினைத்துவிடாதீர்கள். தினமும் 30, 40 அல்லது 50 கிலோமீட்டர். அன்றைய கெடுவுக்குள் வந்து சேராவிட்டால் மறுநாள் கிடையாது. முதல் நாள் உற்சாகத்திலேயே ஓடிவிடும். இரண்டாம் நாள் காலையில், நேற்றைய கொப்புளத்தின் மேல் பிளாஸ்டர் ஒட்டி, அதன் மேல் சாக்ஸை இழுத்துப் போடுகிறார்கள் பாருங்கள், சோதனை அங்கேதான். கடைசி நாள் ஊருக்குள் நுழையும்போது கிளாடியோலஸ் பூங்கொத்தைக் கையில் திணிக்கிறார்கள். முடித்த எல்லோருக்கும் சிலுவைப் பதக்கம். முதலாவதாக வந்தவர் யார் என்று யாரும் கேட்பதில்லை. எனக்குப் பிடித்ததே அதுதான்.

2006-இல் மட்டும் பெரிய சோகம். முதல் நாளே கடும் வெயில், இரண்டு பேர் இறந்துபோனார்கள், மீதி நாட்களை ரத்து செய்துவிட்டார்கள். அவர்களுக்கு அபூர்வமான அந்த வெயில் நமக்கு வருஷம் முழுக்க இருக்கிறதே, இங்கே இப்படி நடத்த முடியுமா? முடியும் என்றுதான் சொல்வேன், ஆனால் ராத்திரியில். இதோ இதே சாலையில் இருக்கிற தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குத் தைப்பூசத்தில் எத்தனை பேர் வெறுங்காலோடு நடந்து வருகிறார்கள்! கோலாலம்பூர்க்காரர்கள் ராத்திரி ரதத்தின் பின்னாலேயே பத்துமலை வரை, சுமார் 15 கிலோமீட்டர், நடக்கிறார்கள். வழி நெடுக தண்ணீர்ப் பந்தல் போடவும் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அடுத்த நாளும் நடக்கச் சொன்னால்தான் பாதிப் பேர் காணாமல் போவார்கள். அப்புறம், பக்தி வேறு, இது வேறு. அதையும் மறுக்கவில்லை.

1987-இல் இந்த மாதிரி நடைகளை நடத்துகிற நாடுகள் சேர்ந்து ஐஎம்எல் (International Marching League) என்ற சர்வதேச நடை அமைப்பை உண்டாக்கின. அதில் ஒரு நடைப் பாஸ்போர்ட் உண்டு: ஒவ்வொரு நாட்டிலும் நடந்து முடித்தால் ஒரு முத்திரை. நமக்குக் கொஞ்சம் கிட்டே வேண்டுமென்றால் ஜப்பானில் ஹிகாஷிமட்சுயாமா மூன்று நாள் நடை. குடும்பத்தோடு போகிறவர்களுக்குக் குறைந்த தூரப் பாதைகளும் இருக்கின்றன, 50 கிலோமீட்டர்தான் நடக்க வேண்டும் என்றில்லை.

ஒன்றே ஒன்று, அது நவம்பர் தொடக்கத்தில் வரும். டிக்கெட் போடுமுன் தீபாவளி என்றைக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள், அம்மாவிடம் என்னால் பரிந்து பேச முடியாது.