குழி தோண்டும் முன் ஒரு மழையைப் பாருங்கள்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். வீட்டுக் கொல்லையில் மீனும் செடியுமாக ஒரு சின்னக் குளம் அமைப்பது பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். எனக்கு இதில் பட்டம் எதுவும் கிடையாது. மதுரைக்கு வெளியே ஐந்து சென்ட் மனையில் வீடு கட்டி, பின்னால் மிச்சமிருந்த இடத்தில் ஒரு குளத்தைத் தப்பாக வெட்டி, அதை மூடி, வேறு இடத்தில் மறுபடி வெட்டியவன் என்பதுதான் என் தகுதி.

முதல் குளத்தை எங்கே வெட்டினேன் தெரியுமா? கொல்லையில் ஏற்கெனவே பள்ளமாகக் கிடந்த மூலையில். தோண்டுகிற வேலை பாதி மிச்சம் என்று கணக்குப் போட்டேன். மேலே முருங்கை மரம், நிழலுக்கு நிழலாச்சு. பக்கத்தில் துவைக்கிற கல். கோடை முழுவதும் ஒரு குறையும் இல்லை, வந்தவர் போனவரை எல்லாம் கூட்டிப் போய்க் காட்டினேன். ஐப்பசியில் ஒரு ராத்திரி மழை பிடித்துக்கொண்டது. காலையில் போய்ப் பார்த்தால் குளம் நிரம்பி வழிந்து, கொல்லை மண், சோப்பு நுரை, ரோஜாச் செடிக்குப் போட்டிருந்த யூரியா எல்லாம் உள்ளே இறங்கியிருக்கிறது. நாற்பது கப்பி மீன்களில் பாதி செத்து மிதக்கின்றன, மீதி தெரு வாய்க்கால் வழியாகப் போயே போய்விட்டன. என் அம்மா வாசற்படியில் நின்றபடி, "ஏண்டா, தண்ணி போற பாதையில போயி குழியை வெட்டுனா, அது தன் வழியில போகத்தான்டா செய்யும்" என்றார். பதினைந்து நிமிடம் நான் பேசப்போவதில் பாதி இந்த ஒரு வரிதான்.

அதனால், குளம் ஆசை வந்தவுடன் மீன் கடைக்குப் போகாதீர்கள். ஒரு நல்ல மழை வரும்வரை பொறுத்திருந்து, குடையைப் பிடித்துக்கொண்டு கொல்லையில் நில்லுங்கள். கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று பார்த்து, தேங்குகிற இடத்தை விட்டுவிட்டுக் கொஞ்சம் மேடான இடத்தைப் பிடியுங்கள். குளத்தின் விளிம்பு சுற்றியுள்ள தரையைவிட அரை அடியாவது உயர்ந்திருக்க வேண்டும். வானத்திலிருந்து விழுகிற மழை உள்ளே வரலாம், தரையில் ஓடி வருகிற தண்ணீர் வரக்கூடாது. அப்புறம் வழிகுழாய். என் இரண்டாவது குளத்துக்கு இதைச் சொன்னபோது கொத்தனார், "ஓவர்ஃப்ளோ எதுக்கு சார், இது என்ன மொட்டைமாடி டேங்கா?" என்று சிரித்தார். விளிம்புக்கு நான்கு விரல் கீழே ஒன்றரை அங்குலக் குழாய் ஒன்று, அதன் வாயில் கொசுவலைத் துணி, மறுமுனை வாழைப் பாத்திக்கு. அவ்வளவுதான் செலவு. வழிகிற தண்ணீரில் மீன் கழிவு கலந்திருப்பதால் வாழைக்கு அது உரம்.

வெயில் கணக்குக்கு வருவோம். அல்லி பூக்க வேண்டும் என்றால் ஒரு நாளைக்கு ஐந்து ஆறு மணி நேரம் நேர் வெயில் வேண்டும். ஆனால் மதுரைச் சித்திரை வெயில் நாள் முழுக்க அடித்தால் தண்ணீர் சுடும், பாசி பிடிக்கும். காலை வெயிலும் பிற்பகல் நிழலும் விழுகிற இடம் கிடைத்தால் விடாதீர்கள். நிழல் சுவரிலிருந்து வரட்டும், மரத்திலிருந்து வேண்டாம். வேம்பும் புளியும் சின்ன இலையைக் கொட்டிக்கொண்டே இருக்கும், அது அடியில் போய் அழுகும். முருங்கையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், இலையோடு கம்பளிப்பூச்சியும் சேர்ந்து விழும்.

எவ்வளவு பெரிதாக? முதல் முறைக்காரர்களுக்கு நான் சொல்வது எட்டடி நீளம், ஆறடி அகலம், இரண்டடி ஆழம். மூன்றையும் பெருக்கினால் 96 கன அடி. ஒரு கன அடிக்கு 28 லிட்டர் சொச்சம் என்பதால் ஏறக்குறைய 2,700 லிட்டர். இதைவிடச் சின்னதாக வைத்தால் வேலை குறையும் என்று தோன்றும், ஆனால் நடப்பது தலைகீழ். தண்ணீர் குறைவாக இருந்தால் சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் கெடும். 20 டிகிரி தண்ணீரில் ஒரு லிட்டருக்கு 9 மில்லிகிராம் அளவு ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் அது ஏழரைக்கு இறங்கிவிடும். மே மாதம் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றால் பசி என்று நினைத்துத் தீனி போட்டுவிடாதீர்கள், மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம். ராத்திரி முழுக்கச் செடியும் பாசியும்கூட ஆக்சிஜனை இழுப்பதால், விடியும் நேரத்தில்தான் அது மிகக் குறைவாக இருக்கும்.

இடமே இல்லை என்பவர்களுக்கு ஒரு வழி: கிணற்றுக்கு இறக்குகிற சிமெண்ட் உறை. நாலடி விட்டமுள்ள உறையை இரண்டடி உயரத்துக்கு அடுக்கி, அடியில் கான்கிரீட் போட்டுப் பூசினால் 700 லிட்டர் பிடிக்கும். கப்பிக்கும் ஒரு அல்லிக்கும் அது போதும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வீட்டில் தவழ்கிற, தத்தி நடக்கிற குழந்தை இருந்தால், பக்கத்து வீட்டுக் குழந்தை வந்து போனாலும்கூட, தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே கனமான இரும்புக் கம்பி வலை போடாமல் குளத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடாதீர்கள். சின்னக் குழந்தைக்கு இரண்டு அங்குலத் தண்ணீரே ஆபத்து. செடி அதன் வழியாக மேலே வந்துவிடும். நாங்கள் பேத்தி பிறந்ததும் போட்டோம். முதலிலேயே போட்டிருக்கலாம்.

சிமெண்ட்டா, தார்ப்பாயா என்று எல்லோரும் கேட்பார்கள். தார்ப்பாய் மலிவு, வேலையும் ஒரு நாளில் முடியும். குழிக்குள் கல்லும் வேரும் இல்லாமல் பொறுக்கி, பழைய சாக்கை விரித்து, அதன்மேல் கனமான தார்ப்பாயைப் போட வேண்டும். எவ்வளவு வாங்குவது? நீளத்தோடு ஆழத்தை இரண்டு தடவை கூட்டி, விளிம்பில் மடிக்க இரண்டடி சேருங்கள்: எட்டு, நாலு, இரண்டு, ஆக பதினாலு அடி. அகலத்துக்கும் அதே கணக்குப் போட்டால் பன்னிரண்டு. வெயில் படுகிற விளிம்புதான் முதலில் நைந்து போகும், அதைக் கல்லாலோ மண்ணாலோ மறைத்துவிடுங்கள்.

சிமெண்ட் பல வருஷம் நிற்கும், ஆனால் பூசின ஈரத்தோடு மீனை விட்டால் மறுநாள் எல்லாம் மிதக்கும். புதுச் சிமெண்ட்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து தண்ணீரின் பிஎச், அதாவது அமில-கார அளவு, பத்துக்கு மேலே போய்விடும், மீனுக்கு ஏழிலிருந்து எட்டு வரைதான் வசதி. இதற்கு நம் ஊரில் பழகிப்போன வைத்தியம் வாழை. தொட்டியை நிரப்பி, வாழை மரத்தைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டு ஒரு வாரம் ஊறவிடுவார்கள். நாற்றம் தாங்காது, அக்கம்பக்கத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இறைத்துக் கொட்டி, தேய்த்துக் கழுவி, இப்படி மூன்று முறை. கடைசியில் மீன் தொட்டிக் கடையில் கிடைக்கிற பிஎச் சோதனைத் திரவம் இரண்டு சொட்டு விட்டு நிறத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் இரண்டு நாள் திறந்து வைத்தாலே பெரும்பாலும் போய்விடும். போர் தண்ணீர் உப்பாக இருக்கிறதே என்று கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: கொஞ்சம் கடினமான தண்ணீர் கப்பிக்கு ரொம்பப் பிடிக்கும்.

சரி, தண்ணீர் விட்டாயிற்று, இப்போதாவது மீனா என்றால் இல்லை, செடி. வயல் மண் அல்லது களிமண்ணை ஒரு பழைய பிளாஸ்டிக் தொட்டியில் அடைத்து, அல்லிக் கிழங்கை நட்டு, மண் கலங்காமல் இருக்க மேலே இரண்டு அங்குலம் மணலோ கூழாங்கல்லோ போட்டு, செங்கல்மேல் வைத்து இறக்குங்கள். இலை வளர வளர ஒவ்வொரு செங்கல்லாக உருவினால் போதும். தென்னை நார்க் கழிவு கலந்த நர்சரி மண் வேண்டாம், அது மிதந்து குளத்தையே நாசம் செய்யும். எந்த அல்லி? வெள்ளையும் சிவப்புமாக நம் குளங்களில் இருக்கிற ஆம்பல் வகை சாயங்காலத்துக்கு மேல் விரிந்து மறுநாள் முற்பகலில் கூம்பும், நீல அல்லி பகலில் விரியும். காலையில் போய் இருட்டின பிறகு வீடு திரும்புகிற ஆளாக இருந்தால் நீலத்தை வாங்கி ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருக்காதீர்கள், ஆம்பலை வையுங்கள். தாமரை அழகுதான், ஆனால் இந்த அளவுக் குளத்தில் தொட்டிக்குள் அடக்கி வைக்காவிட்டால் வேறு எதற்கும் இடம் விடாது. தண்ணீருக்குள் வேலம்பாசி ஒரு கைப்பிடி, விளிம்பில் வல்லாரை, வசம்பு. சம்பு வேண்டாம், ஒரு வருஷத்தில் உங்களை வீட்டை விட்டே துரத்தும். வெங்காயத்தாமரையும் வேண்டாம். ஆகாயத்தாமரை என்று பலர் சொல்வது இதைத்தான், உண்மையில் அந்தப் பெயர் வேறொரு மிதக்கும் செடிக்கு உரியது, அது கிடக்கட்டும். வைகையில் வெங்காயத்தாமரை படர்ந்து கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

செடி வைத்து இரண்டு வாரத்தில் தண்ணீர் பச்சையாகும். இங்கேதான் முக்கால்வாசிப் பேர் மனம் உடைகிறார்கள். நானும் உடைந்தேன். மொத்தத்தையும் இறைத்து, தேய்த்து, புதுத் தண்ணீர் விட்டேன், பத்து நாளில் மறுபடி பச்சை. மூன்று தடவை இதே கூத்து. புதுத் தண்ணீர் ஒவ்வொரு முறையும் பாசிக்குப் புதுச் சாப்பாடு, போட்டிக்குச் செடியும் இன்னும் வளரவில்லை, வெயிலும் தாராளம், பாசி வளராமல் என்ன செய்யும்? கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். அல்லி இலை தண்ணீர்ப் பரப்பில் பாதிக்கு மேல் மூடுகிற அன்று பச்சை தானாக இறங்கத் தொடங்கும். கண்ணுக்குத் தெரியாமல் இன்னொரு வேலையும் நடக்கிறது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா விஷம். அதை நைட்ரைட்டாகவும், அதையும் மாற்றி அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் ஆக்குகிற பாக்டீரியா, கல்லிலும் தொட்டிச் சுவரிலும் குடியேற நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். நண்பர் வீட்டு மீன் தொட்டியிலிருந்து கொஞ்சம் அடிக்கல் கேட்டு வாங்கிப் போட்டால் வேகம் பிடிக்கும், பாலுக்கு உறை ஊற்றுகிற மாதிரிதான். அதற்கும் ஏதாவது சாப்பாடு வேண்டும் என்பதால் முதலில் நாலைந்து கப்பியை மட்டும் விடுங்கள், மாதம் கழித்து மற்றவை.

கப்பி போதும் என்பது என் கட்சி. தென் அமெரிக்காவின் வடகிழக்குக் கரையிலிருந்தும் டிரினிடாடிலிருந்தும் வந்த மீன், ஆனாலும் நம் வெயிலைத் தாங்குகிறது, கொசுப்புழுவைத் தின்கிறது. கொசு வரும் என்று பயந்து குளமே வேண்டாம் என்பவர்களுக்குச் சொல்கிறேன், கொசு முட்டையிலிருந்து பறக்கிற கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் வேண்டும், மீன் உள்ள குளத்தில் புழுவுக்கு அவ்வளவு ஆயுசு கிடையாது. பக்கத்தில் கவிழ்க்காமல் கிடக்கிற பூந்தொட்டித் தட்டைப் பாருங்கள், கொசு அங்கேதான் இருக்கும். உள்ளூர் மீன்தான் வேண்டும் என்றால் தலையில் வெள்ளிப் பொட்டு மின்னுகிற ஒரு சின்ன மீன் வயல் வாய்க்கால்களில் மேல்மட்டத்தில் நீந்தும், அதுவும் கொசுப்புழுவை விடாது. கோய் என்கிற வண்ணக் கெண்டையை வாங்க ஆசைப்படாதீர்கள். கடையில் விரல் நீளம் இருப்பது இரண்டடி வரை வளரும், நாலடி ஆழமும் பெரிய வடிகட்டியும் கேட்கும். விரால் மற்ற மீனை விழுங்கும். பனையேறிக் கெண்டை மழை ராத்திரியில் ஊர்ந்து வெளியே போய்விடும், கதையில்லை, காற்றைச் சுவாசிக்கிற மீன் அது.

தீனி ஐந்து நிமிடத்தில் தீரும் அளவுதான். மே மாதத்தில் இந்த அளவுக் குளத்திலிருந்து நாளொன்றுக்கு இரண்டு குடம் தண்ணீர் ஆவியாகும், அதை விட்டுக்கொண்டிருந்தால் சரி. அல்லி இலையில் அசுவினி வந்தால் குழாயைத் திருப்பி அடித்து மீனுக்கு இரையாக்குங்கள். பக்கத்து ரோஜாவுக்குக்கூட மருந்து அடிக்காதீர்கள், காற்றில் வந்து விழுவதே மீனுக்கு எமன். பம்பு வைத்தால் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கிற சுவிட்ச் கட்டாயம். மீன்கொத்தி வரும், மடையான் வரும், பூனை வரும். நான் நாலைந்து உடைந்த மண்பானையை அடியில் கவிழ்த்து வைத்திருக்கிறேன், மீன்கள் உள்ளே ஒளிந்துகொள்ளும். போனது போகட்டும், கப்பி நாலு வாரத்துக்கு ஒரு முறை இருபது முப்பது குட்டி போடுகிறது.

அந்தக் குட்டிகள்தான் கடைசிப் பிரச்சினை. பெருகிவிட்டது என்று கண்மாயில் கொண்டுபோய் விடாதீர்கள். கொசுவை ஒழிக்க 1928இல் கொண்டுவந்த கம்பூசியா மீனும், 1952இல் வந்த ஜிலேபிக் கெண்டையும் நம் நீர்நிலைகளில் உள்ளூர் மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. கப்பியும் வெளியூர்தான். முதல் குளம் வழிந்தபோது இருபது கப்பியை வாய்க்காலில் விட்ட பாவம் என் கணக்கில் இருக்கிறது. இப்போது பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுச் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கிறேன், அவர்களும் என்னைப் பார்த்தால் ஒளிய ஆரம்பித்துவிட்டார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரமாகிவிட்டது. வரும்போதே வானம் மூடிக்கொண்டிருந்தது. வழிகுழாய் வலையில் நேற்றே இலை அடைத்திருந்தது, மழை இறங்குவதற்குள் போய் எடுக்க வேண்டும். வணக்கம்.