பச்சை விளக்கு வந்தும் செல்ஃப் எடுக்கவில்லையா?

அடுத்த கேள்வி, தாராவியிலிருந்து ஒரு தம்பி அனுப்பியது. மும்பையின் சசூன் டாக் மீன்பிடித் துறையில் நிற்கும் மீன்பிடிப் படகு ஒன்றில் மெக்கானிக்காக இருக்கிறாராம். தடைக்காலம் முடிந்து படகை எடுக்கிறார்கள். சார்ஜரைப் போட்டால் பத்தே நிமிடத்தில் பச்சை விளக்கு வந்துவிடுகிறது. மறுநாள் காலையில் சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். புது சார்ஜர் வாங்கிவிடலாமா என்று கேட்கிறார்.

பொறுங்கள் தம்பி, பர்ஸை உள்ளே வையுங்கள். காலியான பேட்டரி பத்து நிமிடத்தில் நிறையாது. சார்ஜருக்குத் தெரிவது தன் முனையில் இருக்கும் வோல்ட் மட்டும்தான். அது சீக்கிரம் ஏறிவிட்டால், பேட்டரி நிறைந்துவிட்டது என்று நினைத்து ஆம்பியரைக் குறைத்துவிடும். அப்படி ஏறக் காரணம் ஒயராக இருக்கலாம், பேட்டரியாகவும் இருக்கலாம்.

வோல்ட் அளக்கும் ஒரு மல்டிமீட்டர் போதும். உங்களுடையது 12 வோல்ட் என்று வைத்துக்கொள்கிறேன். 24 என்றால் நான் சொல்லும் வோல்ட் கணக்கை மட்டும் இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள். சார்ஜரைப் போட்டதும், பச்சை வருவதற்கு முன்பே அளந்துவிட வேண்டும். பச்சைக்குப் போய்விட்டால் ஓடும் கரண்ட் குறைந்து, ஒயரில் இருக்கும் கோளாறு தெரியாமலே போய்விடும். முதலில் சார்ஜரின் முனையில் பாருங்கள், அப்புறம் பேட்டரியில். பேட்டரியில் அளக்கும்போது கம்பியைக் கிளிப்பின் மேல் வைக்காதீர்கள், ஈய முனையிலேயே வையுங்கள். அங்கே 14.4, இங்கே 13.2 என்று வந்தால், நடுவில் 1.2 வோல்ட் தொலைகிறது. எங்கே என்று பார்க்க, மீட்டரின் ஒரு கம்பியைச் சார்ஜர் பாசிட்டிவிலும் இன்னொன்றைப் பேட்டரி பாசிட்டிவிலும் வையுங்கள். நெகட்டிவுக்கும் அப்படியே. எந்தப் பக்கம் அதிகம் காட்டுகிறதோ அந்தப் பக்கத்து லக்கையும் (ஒயர் நுனியில் அடித்திருக்கும் உலோக முனை) ஃபியூஸ் ஹோல்டரையும் கழற்றுங்கள். மும்பை மழையும் உப்புக்காற்றும் சேர்ந்து பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். லக்கை ஒட்டி ஒயரின் தோலை உரித்துப் பாருங்கள், செம்பு கறுத்திருந்தால் உப்புத்தாள் போட்டுப் பயனில்லை. நல்ல செம்பு வரும்வரை வெட்டிவிட்டுப் புது லக் அடியுங்கள். மின்சாமான் கடைகள் இருக்கும் லோஹார் சாலில் ஒயர் வாங்கினால் டின் பூசியதாகக் கேளுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் கடலில் அதுதான் நிற்கும்.

இரண்டு இடத்திலும் ஒரே வோல்ட் என்றால், சந்தேகம் பேட்டரி மேல். தடைக்காலம் முழுக்க, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, சார்ஜ் இல்லாமல் கிடந்தால் தகட்டில் சல்ஃபேட் படிந்து இறுகிவிடும். பேட்டரி கரண்டை வாங்காது, வோல்ட் மட்டும் சட்டென்று ஏறும். ஒயரைக் கழற்றி ராத்திரி முழுக்க விட்டுவிட்டு அளங்கள். 12.6-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், 12.2-க்கு இறங்கியிருந்தால் பாதிதான் இருக்கிறது. மூடி திறக்கும் பேட்டரி என்றால், ஆசிடின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் போட்டுப் பாருங்கள். நல்ல செல் 1.265 பக்கம் காட்டும். ஒரு செல் மட்டும் மிகவும் கீழே கிடந்தால், அந்த பேட்டரியோடு மல்லுக்கட்டாதீர்கள், மாற்றிவிடுங்கள்.

ஒன்று முக்கியம். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். என்ஜின் அறையைத் திறந்து வையுங்கள், சார்ஜர் சுவிட்சை அணைத்த பிறகே கிளிப்பில் கை வையுங்கள், பீடி பக்கத்திலேயே வரக்கூடாது.

கழற்றி வைத்த பேட்டரி காலையில் 12.6-லேயே நின்று, படகில் மாட்டி வைத்தால் மட்டும் இறங்குகிறதா? அப்போது அடித்தண்ணீர் இறைக்கும் பம்பைப் பாருங்கள். மிதவை சுவிட்ச் சிக்கிக்கொண்டால் ராத்திரி முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும்.