வீட்டிலேயே மொறுமொறு வாஃபிள்: மாவை அடிக்காதீர்கள், மூடியைத் திறக்காதீர்கள்

வணக்கம் மக்களே. இன்றைக்கு வாஃபிள், அதுதான் மாவை இரண்டு சூடான தட்டுக்கு நடுவே ஊற்றிச் சுடுகிற, கட்டம் கட்டமாகக் குழி விழுந்த பலகாரம். அடுப்பங்கரைக்குள் இப்போதுதான் காலடி வைத்திருக்கிற தம்பி தங்கச்சிகளுக்காகவே இந்த வீடியோ, அதனால் நன்றாகச் சமைக்கிறவர்கள் "இதெல்லாம் தெரியும் அக்கா" என்று சொல்லாமல் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மதுரையில் இப்போது பைபாஸ் ரோட்டுப் பக்கம் போனாலும் அண்ணா நகர்ப் பக்கம் போனாலும் வாஃபிள் கடை கண்ணில் படுகிறது, சாயங்காலமானால் காலேஜ் பிள்ளைகள் கூட்டம் வேறு. சாப்பிட நன்றாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மாவு, பால், முட்டை, வெண்ணெய், சர்க்கரை, எல்லாம் நம் வீட்டில் இருக்கிற சாமான்தானே. வெளியிலிருந்து வர வேண்டியது அந்த மெஷின் ஒன்றுதான்.

முதலில் மெஷினைப் பார்த்துவிடுவோம். இதோ, உள்ளே மேலும் கீழும் கட்டம் கட்டமாக இருக்கிற இரண்டு தட்டு, மேலே ஒரு சிவப்பு விளக்கு, ஒரு பச்சை விளக்கு. வீட்டுக்கு வாங்குகிற சின்ன மெஷின்களில் 700, 750 வாட்ஸ் என்று போட்டிருக்கும். நம் வீட்டுக் கரண்ட் 230 வோல்ட், கணக்குப் போட்டால் மூன்று ஆம்பியர் சொச்சம்தான் இழுக்கும், ஆகவே மிக்ஸி போடுகிற சாதாரண பிளக் போதும், ஹீட்டருக்குப் போட்ட பெரிய பிளக்கைத் தேடி ஓட வேண்டாம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் கிரைண்டரோடு சேர்த்து மட்டும் சொருகாதீர்கள். கரண்ட் போய் வீடு இன்வர்ட்டரில் ஓடும்போதும் வேண்டாம், அது ஃபேனுக்கும் லைட்டுக்கும் வைத்தது.

சரி, சாமான். ஒரு கப் மைதா, நான் சொல்கிற கப் 240 மில்லி பிடிக்கிற அளவுக் கப், மைதா அதில் கிட்டத்தட்ட 125 கிராம் இருக்கும். அதோடு இரண்டு டேபிள்ஸ்பூன் சோள மாவு, வெள்ளையாக இருக்குமே அந்த கார்ன் ஃப்ளார், மஞ்சளாக இருப்பது இல்லை. ஒரு டேபிள்ஸ்பூன் சர்க்கரை, ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், கால் டீஸ்பூன் உப்பு. ஈரமான சாமான் என்றால் ஒரு முட்டை, முக்கால் கப் பால், உருக்கிய வெண்ணெய் நான்கு டேபிள்ஸ்பூன். வெனிலா எசென்ஸ் இருந்தால் அரை டீஸ்பூன், இல்லையென்றால் ஏலக்காய் தட்டிப் போடுங்கள், எனக்கு ஏலக்காய்தான் பிடிக்கிறது. சின்ன மெஷினில் மூன்று, நான்கு வாஃபிள் வரும். உப்புப் போட்ட வெண்ணெய் என்றால் தனியாக உப்பு வேண்டாம். சர்க்கரை குறைவாக இருக்கிறதே என்று கை தாராளமாகப் போடாதீர்கள், சர்க்கரை கூடினால் வாஃபிள் உள்ளே வேகும் முன்னே வெளியே கருத்துவிடும், தட்டிலும் ஒட்டும். இனிப்பு வேண்டுமென்றால் மேலே ஊற்றிக்கொள்ளலாம், அதற்கு ஒரு நல்ல சாமான் வைத்திருக்கிறேன், பிறகு சொல்கிறேன்.

பேக்கிங் பவுடர் டப்பாவை மட்டும் ஒரு தடவை திருப்பித் தேதியைப் பாருங்கள். எப்போதோ கேக் செய்ய வாங்கி, மூடி சரியாக மூடாமல் மிளகு டப்பாவுக்குப் பின்னால் கிடக்கிற டப்பா பல வீட்டில் உண்டு. சந்தேகமாக இருந்தால் அரை டீஸ்பூன் எடுத்துக் கொஞ்சம் வெந்நீரில் போடுங்கள். இதோ போடுகிறேன், பாருங்கள், உஸ் என்று நுரைத்து மேலே வருகிறது, இது நல்ல பவுடர். சும்மா மண் மாதிரி அடியில் போய் உட்கார்ந்துவிட்டால் தூக்கிப் போடுங்கள், அதை வைத்து என்ன செய்தாலும் வாஃபிள் சப்பையாகத்தான் வரும்.

இப்போது கலக்குகிற இடம். உலர்ந்த சாமான் எல்லாவற்றையும் ஒரு பாத்திரத்தில் சலித்துப் போட்டுவிடுங்கள். இன்னொரு பாத்திரத்தில் முட்டையை உடைத்து அடித்து, பால் ஊற்றி, வெண்ணெய் ஊற்றி ஒரு கலக்கு. பால் ஃப்ரிட்ஜிலிருந்து அப்படியே வரக்கூடாது, குளிர்ந்த பாலில் உருக்கிய வெண்ணெய் பட்டதும் கட்டிக் கட்டியாக உறைந்து மிதக்கும். கொஞ்ச நேரம் வெளியே வைத்தால் போதும், நம் ஊர் வெயிலுக்கு அது தானாகவே சரியாகிவிடும், சித்திரையில் என்றால் வெண்ணெயையே உருக்க வேண்டியதில்லை.

நடுவில் குழி பறித்து ஈரத்தை ஊற்றி, கரண்டியால் மெதுவாக அடியிலிருந்து மேலே, அடியிலிருந்து மேலே... அவ்வளவுதான், நிறுத்துங்கள்! உங்களுக்குக் கை அரிக்கும், தெரியும். அங்கங்கே சின்னச் சின்னக் கட்டி தெரிகிறது, கட்டி இருந்தால் மாவு சரியில்லை என்றுதான் நம் அம்மாக்கள் நமக்குச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள், மிக்ஸியில் ஒரு ஓட்டு ஓட்டினால் வழுவழுவென்று வந்துவிடுமே என்று தோன்றும். வேண்டவே வேண்டாம். மைதாவில் பாலோ தண்ணீரோ பட்டுக் கலக்கக் கலக்க, அதிலிருக்கிற புரதம் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு குளூட்டன் ஆகிறது, மாவுக்கு இழுவை வருகிறது. பரோட்டாவுக்கு அந்த இழுவைதான் உயிர், மாஸ்டர் மாவை அப்படிப் போட்டுப் பிசைந்து ஊறவைத்து வீசுகிறாரே, கிழியாமல் விசிறி மாதிரி விரிவது அதனால்தான், மதுரைக்காரர்களுக்கு இதைப் போய் நான் விளக்க வேண்டுமா என்ன. வாஃபிளுக்கு அந்த இழுவை வந்துவிட்டால் ரப்பர் மெல்லுவது போல் ஆகிவிடும். உலர்ந்த மாவு கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் கலந்தால் போதும். சின்னக் கட்டிகள் ஊறும்போதும் வேகும்போதும் தானாகக் கரைந்துவிடும். சோள மாவு சேர்த்ததும் இதற்காகத்தான், அதில் குளூட்டன் கிடையாது, வாஃபிள் மொறுமொறுப்பாக வர அது உதவுகிறது.

பதம் பாருங்கள், கரண்டியைத் தூக்கினால் சளசளவென்று கொட்டக்கூடாது, தொப்பென்றும் விழக்கூடாது, பட்டையாக இறங்க வேண்டும். கெட்டியாக இருந்தால் ஒரு ஸ்பூன் பால். இதைப் பத்து நிமிடம் அப்படியே மூடி வைப்போம்.

அந்தப் பத்து நிமிடத்தில் மெஷினைச் சூடு பண்ணலாம். பச்சை விளக்கு வந்ததும் உடனே ஊற்ற ஓடாதீர்கள், பல மெஷினில் அந்த விளக்கு தட்டு சூடாகிவிட்டது என்று மட்டும்தான் சொல்லும், நான் இன்னும் இரண்டு மூன்று நிமிடம் விட்டுத்தான் ஊற்றுவேன். வீட்டில் தீபாவளிக்கு அச்சு முறுக்கு சுட்டுப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும், அச்சை முதலில் எண்ணெயிலேயே நன்றாகக் காயவைக்காமல் மாவில் முக்கினால் முறுக்கு அச்சை விட்டு வராது, அதே சங்கதிதான் இங்கேயும். சூடான தட்டில் பட்டவுடன் மாவின் மேல்பக்கம் இறுகிவிடும், பிறகு ஒட்டாது.

நான்ஸ்டிக் தட்டுதான், ஆனாலும் பிரஷ்ஷால் எண்ணெய் லேசாகத் தடவுங்கள், அந்தக் கட்டங்களின் மூலையெல்லாம் பட வேண்டும். வெண்ணெய் தடவாதீர்கள், அதிலிருக்கிற பால் சத்து கருகி ஒட்டிக்கொள்ளும். டின்னில் வருகிற ஸ்பிரே எண்ணெயும் வேண்டாம், அது நாளாக ஆகத் தட்டில் பிசுக்காகப் படிந்து, பிறகு தேய்த்தாலும் போகாது.

ஊற்றலாம். நடுவில் ஊற்றி, ஓரம் வரைக்கும் இழுத்துவிடாமல் கொஞ்சம் இடம் விடுங்கள், மூடியதும் மாவே பரவிக்கொள்ளும். நிறைய ஊற்றினால் பக்கவாட்டில் வழிந்து மேடையெல்லாம் ஆகும். மூடியாகிவிட்டது. இப்போது கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள்.

இந்த ஓரத்திலிருந்து புகை மாதிரி வருகிறது பாருங்கள், கேமராவில் தெரிகிறதா? இது ஆவி. மாவில் இருக்கிற தண்ணீர் வெளியே போய்க்கொண்டிருக்கிறது. இது புசுபுசுவென்று வருகிற வரைக்கும் உள்ளே இன்னும் வேகவில்லை என்று அர்த்தம். பாதியில் ஆசைப்பட்டுத் திறந்தால் மேல்பாதி மேல்தட்டோடும் கீழ்பாதி கீழ்தட்டோடும் போய்விடும், அதற்கு மேல் அதை ஒட்டவைக்கவும் முடியாது. ஆவி நன்றாகக் குறைந்து, நின்றுவிட்டது என்று சொல்கிற அளவுக்கு வந்த பிறகுதான் மூடியில் கை வைக்க வேண்டும். நான்கிலிருந்து ஐந்து நிமிடம் ஆகும், மெஷினுக்கு மெஷின் மாறும், அதனால் கடிகாரத்தைவிட ஆவியை நம்புங்கள். மூடியை லேசாகத் தூக்கும்போது இழுக்கிற மாதிரி இருந்தால் வற்புறுத்தாமல் விட்டுவிட்டு இன்னொரு நிமிடம் கொடுங்கள்.

(பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடிக்கிறது, அது நம் வீட்டில் இல்லை, மன்னிக்கவும்.)

ஆ, வந்துவிட்டது. தங்க நிறம், கட்டத்தின் முனையில் கொஞ்சம் அடர்த்தியான பழுப்பு. எடுக்கும்போது மரக்கரண்டி, எஃகுக் கரண்டியோ முள்கரண்டியோ போட்டு நோண்டினால் நான்ஸ்டிக் போய்விடும். எடுத்ததை நேராகத் தட்டில் வைக்காமல் இந்தக் கம்பி வலை மேல் வையுங்கள். நம் ஆட்கள் ஒரு வேலை செய்வோம், சூடு ஆறக்கூடாதே என்று எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஹாட்பாக்ஸில் போட்டு மூடிவிடுவோம். சப்பாத்திக்கு அது சரி. வாஃபிளில் இன்னும் ஆவி இருக்கிறது, ஹாட்பாக்ஸுக்குள் அது போக வழியில்லாமல் வாஃபிள் மேலேயே படிந்து, அரை மணி நேரத்தில் துவண்டுபோன பன் மாதிரி ஆகிவிடும். கம்பி வலை இல்லையென்றால் சல்லடையைக் கவிழ்த்து அதன் மேல் வையுங்கள், அடியில் காற்று போக வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது கேள்விகள். முட்டை சேர்க்காதவர்கள், புரட்டாசி மாதம் முட்டையும் தொடாத வீடுகள், உங்களுக்கு முட்டைக்குப் பதில் கால் கப் கெட்டித் தயிர். பேக்கிங் பவுடரை ஒரு டீஸ்பூனாகக் குறைத்துக் கால் டீஸ்பூன் சமையல் சோடா சேருங்கள், தயிரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்து மாவைத் தூக்கும். முட்டை போட்ட மாதிரி அவ்வளவு பளபளப்பு வராது, ருசியில் குறையில்லை. இந்த மாவை மட்டும் ரொம்ப நேரம் வைக்காமல் சீக்கிரம் ஊற்றிவிடுங்கள்.

தோசை மாவை மெஷினில் ஊற்றலாமா? தாராளமாக. எண்ணெய் கொஞ்சம் அதிகமாகத் தடவுங்கள், மாவில் வெண்ணெய் இல்லாததால் ஒட்டப் பார்க்கும், நேரமும் கூட எடுக்கும். வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை பொடியாக நறுக்கிப் போட்டால் சாயங்காலத்துக்கு அருமையாக இருக்கும், தொட்டுக்கொள்ளத் தக்காளிச் சட்னி. சொல்லப்போனால் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இதுதான் பிடித்திருக்கிறது, இனிப்பு வாஃபிளை ஒரு விள்ளல் எடுத்துவிட்டு "பிள்ளைகளுக்குக் கொடு" என்று தள்ளிவிடுகிறார்கள்.

மெஷின் வாங்காமல் முடியுமா? கேஸ் அடுப்பில் வைத்துத் திருப்பித் திருப்பிச் சுடுகிற வாஃபிள் இரும்பு கிடைக்கும், உண்மையில் அதுதான் பழைய வழி. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து டிராய் நகரைச் சேர்ந்த கார்னீலியஸ் ஸ்வார்ட்அவுட் அப்படி அடுப்பில் வைக்கிற இரும்புக்கு 1869 ஆகஸ்ட் 24 அன்று காப்புரிமை வாங்கினார், அங்கே இன்றைக்கும் ஆகஸ்ட் 24-ஐ வாஃபிள் நாளாகக் கொண்டாடுகிறார்கள். கரண்டில் ஓடுகிற மெஷினெல்லாம் இருபதாம் நூற்றாண்டில் வந்தது. இரும்பில் சுடுவதென்றால் தீ நடுத்தரமாக, இரண்டு பக்கமும் தனித்தனியாகக் காயவைத்து, மாவு ஊற்றியதும் ஒரு தடவை திருப்ப வேண்டும். முதல் தடவை செய்கிறவர்களுக்கு மெஷினே நல்லது என்பது என் கருத்து.

கடைப் பலகையில் பெல்ஜியன் வாஃபிள் என்று இருக்கிறதே, இது அதுவா என்றால், இல்லை. பெல்ஜியத்தில் பெயர்பெற்றவை இரண்டு. பிரஸ்ஸல்ஸ் வகை செவ்வகமாக, லேசாக, ஆழமான குழியோடு இருக்கும், பாரம்பரியமாக ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைப்பார்கள். லியேஜ் வகைக்குக் கெட்டியான ஈஸ்ட் மாவில் முத்துச் சர்க்கரை என்று கட்டிக் கட்டியான சர்க்கரையைச் சேர்த்துச் சுடுவார்கள், அது தட்டில் பட்டு உருகிப் பாகாக ஒட்டிக்கொள்ளும். 1964-ல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஸ்ட்ராபெர்ரியும் கிரீமும் வைத்து விற்ற பிறகு பெல்ஜியன் வாஃபிள் என்ற பெயர் அமெரிக்காவில் பரவலாகிவிட்டது. நாம் இன்றைக்குச் செய்வது ஈஸ்ட் இல்லாத பேக்கிங் பவுடர் வாஃபிள், அமெரிக்க வீட்டு வகை, சீக்கிரம் ஆகிவிடும்.

இனி மேலே ஊற்ற வேண்டியது. மேப்பிள் சிரப் தேடி அலையாதீர்கள், விலையும் அதிகம். கருப்பட்டி இருக்கிறது. நூறு கிராம் கருப்பட்டியைத் தட்டி, கால் கப் தண்ணீரில் கரையவிட்டுக் கட்டாயம் வடிகட்டுங்கள், அடியில் மண் நிற்கும், பிறகு வாயில் நறநறவென்று வரும். வடிகட்டியதைச் சின்னத் தீயில் கொதிக்கவிட்டு, தேனைவிடக் கொஞ்சம் தண்ணீராக இருக்கும்போதே இறக்குங்கள், ஆறினால் இறுகும். ஒரு சிட்டிகை சுக்குத்தூள் போட்டால் வாசனை தூக்கும். இதைச் சூடான வாஃபிள் மேல் ஊற்றினால் ஒவ்வொரு குழியிலும் போய்த் தேங்கி நிற்கும், பாருங்கள் இப்படி. பக்கத்தில் சிறுமலை வாழைப்பழம் கிடைத்தால் அதை வட்டம் வட்டமாக நறுக்கி வையுங்கள், அதில் தண்ணீர்ச் சத்து கம்மி, வாஃபிளை நனைக்காது. புவிசார் குறியீடு வாங்கிய பழம், திண்டுக்கல்லிலிருந்து இங்கே வருவதற்கு எவ்வளவு நேரம் ஆகப்போகிறது.

ஜிகர்தண்டா வாஃபிள் செய்யுங்கள் அக்கா என்று ஒரு தம்பி விடாமல் கேட்கிறார். பாலைச் சுண்டக் காய்ச்சி, பாதாம் பிசின், நன்னாரி சர்பத், ஐஸ்கிரீம் எல்லாவற்றையும் மேலே கொட்டினால் வாஃபிள் ரெண்டு நிமிடத்தில் ஊறிச் சொதசொதவென்று ஆகிவிடும், தம்பி. ஜிகர்தண்டாவைக் கிளாஸில் தனியாக வைத்துக்கொள், வாஃபிளைக் கையில் எடுத்துக் கடித்துக்கொள், இரண்டுக்கும் மரியாதை இருக்கும்.

மிச்சம் வந்தால் முழுதாக ஆறவைத்து, டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். திரும்பச் சூடு பண்ண மைக்ரோவேவ் வேண்டாம், மெத்தென்று ஆகிவிடும், டோஸ்டரில் போடுங்கள், அது இல்லையென்றால் தோசைக்கல்லைச் சின்னத் தீயில் வைத்து எண்ணெய் விடாமல் இரண்டு பக்கமும் திருப்பிப் போட்டு எடுங்கள். மெஷினைக் கழுவக் குழாயடிக்குக் கொண்டுபோகாதீர்கள், பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, ஈரத்துணியால் துடைத்து, கட்டங்களுக்கு நடுவே ஒட்டியிருப்பதைப் பழைய மெத்தென்ற பல்துலக்கும் பிரஷ்ஷால் எடுத்துவிடுங்கள். சரி மக்களே, என் வாஃபிள் ஆறிக்கொண்டிருக்கிறது, நான் சாப்பிடப் போகிறேன், நீங்கள் போய்ப் பேக்கிங் பவுடர் தேதியைப் பாருங்கள்.