லீவு போடுவதா, பேப்பர் போடுவதா? – 'லீவு போடுவதே!' அணியின் உரை

நடுவர் அவர்களே, இப்பவே ராஜினாமா கடிதத்துக்குத் தேதி தேடிக்கிட்டிருக்கிற எதிரணி நண்பர்களே, கோட்டைப் பக்கம் காத்து வரும்னு நம்பி வந்து வேர்த்து உட்கார்ந்திருக்கிற வேலூர்ப் பெருமக்களே, எல்லாருக்கும் வணக்கம்.

ஆதரவே இல்லாத வேலையிடத்துல மன அழுத்தமும் பதற்றமும் முத்திப்போனா மருத்துவ லீவு போடுறதா, பேப்பர் போட்டுட்டுக் கிளம்புறதா? இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் மூணு சொன்னார். லீவு முடிஞ்சதும் அதே சூப்பர்வைசர் முகத்துலதான் முழிக்கணும். லீவு போட்டவன் மேல முத்திரை விழும். தன்மானம் உள்ளவன் உதறிட்டு வருவான். கைதட்டல் பிரமாதம். தட்டினவங்கள்ல எத்தனை பேருக்கு மாசாமாசம் குழுக்கடன் தவணை இருக்குன்னு நான் கேக்கல.

பதற்றத்துல இருக்கிற மனசு எதைப் பார்த்தாலும் 'இந்த நிமிஷமே தப்பிச்சாகணும்'னுதான் சொல்லும். நோயோட குணம் அது. ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்தா அப்புறம் தூக்கமில்லை. கம்பெனி பஸ் தெருமுனையில ஹாரன் அடிச்சா வயித்தைக் கலக்குது. அந்த மண்டையோட பெரிய கையெழுத்து எதையும் போடாதீங்கங்கிறதுதான் எங்க அணியோட கட்சி. லீவை நீட்டலாம், குறைக்கலாம், முன்னாடியே முடிச்சுக்கலாம். ஏத்துக்கிட்ட ராஜினாமாவை என்ன பண்ணுவீங்க?

பல்லைக் கடிச்சுக்கிட்டு வேலையில இருக்கிறதும் வீரம் இல்லீங்க. ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில கிளிக்கிங் பிரஸ், அதாவது தோல் வெட்டுற மிஷின் ஓட்டுறவரைப் பாருங்க. தோலை விரிச்சு, வடு எங்க, சுருக்கம் எங்கன்னு கண்ணால மேய்ஞ்சு, நல்ல இடமாப் பார்த்து டையை, அதான் வெட்டுற அச்சை, வைக்கணும். அப்புறம்தான் பிரஸ் இறங்கும். ஒவ்வொரு பீஸுக்கும் இதே கவனம் வேணும். மூணு ராத்திரி தூங்காதவர் வடு மேலயே டையை வைப்பார். தோல் வீணாகும், திட்டு விழும், பதற்றம் ஏறும், அடுத்த பீஸும் போகும். கை உள்ள இருக்கும்போது கவனம் தப்பினா என்ன ஆகும்னு இந்த ஊர்க்காரங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

காசுக்கு எங்க போறதுன்னு எதிரணி அம்மா ஒருத்தர் கேட்டாங்க. நியாயமான கேள்வி. மாசச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள்ள இருந்து ஈ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்குப் பிடிக்கிறாங்கன்னா, உங்க சம்பளத்துல 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம் போய்க்கிட்டே இருக்கு. அது எதுக்கு? ஆறு மாசச் சந்தா காலத்துல 78 நாளுக்குச் சந்தா இருந்தா, நோய்வாய்ப்பட்ட நாளுக்குத் தினக்கூலியில 70 சதவீதம் கிடைக்கும், வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும். சராசரி தினக்கூலி 500 ரூபாய்னா நாளுக்கு 350. முழுசா 91 நாளுக்குன்னா 31,850. முதல் ரெண்டு நாளுக்கு வராது, அதைக் கணக்குல வச்சுக்கோங்க. ஏப்ரல்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் கட்டினது அடுத்த ஜனவரி–ஜூன் லீவுக்கு. அக்டோபர்–மார்ச் கட்டினது ஜூலை–டிசம்பருக்கு. சந்தா உண்மையிலேயே ஏறியிருக்கான்னு ஈ.எஸ்.ஐ. இணையதளத்துல முன்கூட்டியே பாருங்க. சம்பளத்துல பிடிச்சுட்டுக் கட்டாம விடுற காண்ட்ராக்டர்கள் உண்டு, நடுவர் அவர்களே. அது தெரியறது எப்போ? காய்ச்சல்ல போய் நிக்கும்போது!

இன்னொண்ணு, கம்பெனி சம்பளத்தோட லீவு கொடுத்த நாளுக்கு ஈ.எஸ்.ஐ. பணத்தையும் சேர்த்து வாங்க முடியாது. 80 சதவீதம், ரெண்டு வருஷம் வரைக்கும்னு ஒரு நீட்டிப்பு இருக்கு. அது பட்டியல் போட்ட 34 நீண்டகால நோய்களுக்கு. மனநோய்ல மனச்சிதைவு மாதிரி கடுமையானதுக்குத்தான் அது, சாதாரணப் பதற்றத்துக்கு எதிர்பார்க்காதீங்க.

ஈ.எஸ்.ஐ. இல்லாத கடை, அலுவலகம்? தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டம் 1947, 25-ஆம் பிரிவுல வருஷத்துக்கு 12 நாள் நோய் விடுப்பு, தனியா 12 நாள் தற்செயல் விடுப்பு. ஆலைகளுக்கான சட்டத்துல நோய் விடுப்புன்னு தனியா கிடையாது. இருபது நாள் வேலைக்கு ஒரு நாள்னு சேர்ற ஈட்டிய விடுப்புதான். அதனாலதான் ஆலைத் தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. உயிர்நாடி.

இதையெல்லாம் வச்சுக்கிட்டுப் பேப்பர் போடச் சொல்றாங்க! நாலு வருஷம் முடிச்ச நிரந்தரத் தொழிலாளி உதறிட்டு வந்தா கிராஜுவிட்டி போச்சு, அதுக்கு அஞ்சு வருஷத் தொடர் சர்வீஸ் வேணும். நோய்க்காக லீவுல இருந்த நாள் அந்தத் தொடரை அறுக்காதுன்னு கிராஜுவிட்டி சட்டத்துலயே இருக்கு. நோட்டீஸ் காலம் இருக்காம கிளம்பினா அந்தச் சம்பளத்தைப் பிடிப்பாங்க, ரிலீவிங் லெட்டருக்கு நடையா நடக்கணும். ஏற்கெனவே பதற்றத்துல இருக்கிறவருக்கு இந்த அலைச்சல் வேற.

இப்போ லீவை எப்படிப் போடுறது? இங்கதான் முக்கால்வாசிப் பேர் சறுக்குறாங்க.

மெடிக்கல் ஷாப்ல தூக்க மாத்திரை கேட்டு வாங்குறது முதல் சறுக்கல். அதைப் போட்டுட்டு மிஷின்ல நிக்கிறது ரெண்டாவது. டாக்டர்கிட்ட 'டென்ஷன் சார்'னு ஒரே வார்த்தையில முடிக்கிறது மூணாவது. ரெண்டு வாரத்துக்குத் தேதி போட்டு ஒரு தாள்ல எழுதுங்க. எத்தனை மணிக்குப் படுத்தேன், எப்போ முழிச்சேன், படபடப்பு எப்போ வந்துச்சு, எத்தனை வேளை சாப்பாடு இறங்கல, வேலையில என்ன தப்பு நடந்துச்சு. அந்தத் தாளைக் கையில கொடுங்க. தைராய்டு கூடுனாலும் இதே படபடப்புதான் வரும், அதனால ரத்தப் பரிசோதனை எழுதினா தட்டாதீங்க.

சர்டிஃபிகேட்ல வெறும் 'ஸ்ட்ரெஸ்'னு இருந்தா நிர்வாகம் சிரிச்சுட்டு ஒதுக்கும். 'பர்ன்-அவுட்'னு இருந்தாலும் அதே கதைதான், ஏன்னா உலக சுகாதார நிறுவனமே 2019-ல அதை நோய்னு சொல்லாம வேலை சார்ந்த நிலைன்னுதான் வகைப்படுத்துச்சு. பதற்றக் கோளாறா, மனச்சோர்வா, சூழலோட ஒத்துப்போக முடியாத கோளாறா, எதுன்னு டாக்டர் பார்த்துத் தீர்மானிக்கட்டும். ஈ.எஸ்.ஐ. தொழிலாளி ஈ.எஸ்.ஐ. டாக்டர்கிட்டயே முதல் சான்றிதழ் வாங்கணும், தனியார் டாக்டர் சீட்டை நேரா நீட்டினா இழுத்தடிப்புதான். முதல் சான்று, இடைச் சான்று, கடைசியில 'வேலைக்குத் தகுதி' சான்று. இதுல ஒரு கண்ணி விட்டுப்போனாலும் நடுவுல இருக்கிற நாளுக்குப் பணம் நிக்கும்.

நிர்வாகத்துக்குக் கடிதம் மூணு வரி போதும். "உடல்நலக் குறைவு காரணமாக, மருத்துவர் ஆலோசனைப்படி இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை மருத்துவ விடுப்பு வேண்டுகிறேன். சான்றிதழ் இணைத்துள்ளேன்." அவ்வளவுதான். சூப்பர்வைசரைப் பத்திப் புகார்ப் பட்டியல் இதுக்குள்ள வேண்டாம், அது தனிக் கடிதம். ஈமெயில்ல ஒண்ணு, ஸ்பீடு போஸ்ட்ல ஒண்ணு அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்க. 'அண்ணே, ஒடம்பு சரியில்ல'ன்னு வாட்ஸ்அப்ல வாய்ஸ் அனுப்பிட்டு இருந்துட்டா, எட்டு நாளோ பத்து நாளோ கழிச்சு 'சொல்லாம நின்னுட்டான்'னு நிலையாணையை, அதான் கம்பெனி வேலை விதியை, காட்டுவாங்க. நீட்டிக்கணும்னா இருக்கிற லீவு முடியறதுக்கு முன்னாடியே அடுத்த சான்று போய்ச் சேரணும்.

எத்தனை நாள்? மூணு நாள் போட்டுட்டு 'ஒண்ணும் ஆகல'ன்னு சொல்றவங்க உண்டு. பதற்றத்துக்கு வழக்கமாத் தர்ற எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மருந்து வேலை காட்டவே ரெண்டுல இருந்து நாலு வாரம், சிலருக்கு ஆறு வாரம் ஆகும். முதல் வாரத்துல படபடப்பு கொஞ்சம் கூடுறதும் உண்டு. அந்த வாரத்தை டார்கெட் துரத்துற லைன்ல கழிக்கிறதா, வீட்டுல கழிக்கிறதா? சொல்லுங்க நடுவரே.

முத்திரைக்கு வரேன். வங்காளத்துல இருந்து ரயில் ஏறிக் காட்பாடியில இறங்கி நம்மூர்ல வைத்தியம் பார்க்கிறாங்க. சி.எம்.சி. மருத்துவமனையோட மனநல மையம் பாகாயத்துல 1957-ல இருந்து நடக்குது. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரியிலயும் மனநலப் பிரிவு இருக்கு. நம்மாளு மட்டும் பாகாயம் பஸ்ல ஏறக் கூச்சப்படுறார்! 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி உங்க நோய் விவரம் ரகசியம். 'இன்னாய்யா, இன்னா வியாதி?'ன்னு மேஸ்திரி கேட்டா, 'சான்றிதழ் ஆபீஸ்ல கொடுத்திருக்கேன்'ங்கிறதே முழுப் பதில். பேருந்துக்கும் தைரியமில்லாத ராத்திரியா இருந்தா, உயிரை விடலாம்னு நினைப்பு வந்தா, லீவு விவாதமெல்லாம் அப்புறம். 14416, டெலிமானஸ்ங்கிற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும், தமிழ்லயே பேசலாம்.

'திரும்ப அதே இடத்துக்கா?'ன்னாங்க. நம்ம ஜலகண்டேஸ்வரர் கோட்டையை விட்டுப் போய் சத்துவாச்சாரியில தங்கினார். 'சாமி இல்லாத கோயில்'னு ஊரே பழமொழி சொல்லிச்சு. 1981-ல அதே கருவறைக்குத்தானே திரும்பினார்? கோயிலுக்கு யாரும் பேப்பர் போடல!

ஆனா வெறுமனே திரும்பக் கூடாது, அதை ஒத்துக்கறேன். லீவு நீள நீள வேலைக்குப் போற பயமும் வளரும், பதற்றத்துக்கு அது தீனி. அதனால திரும்புற தேதியை டாக்டரோட உட்கார்ந்து முன்னாடியே குறிச்சுடணும். முதல் ரெண்டு வாரம் நைட் ஷிஃப்ட் வேண்டாம், முடிஞ்சா வேற லைன்னு எழுத்துல கேளுங்க. கொடுக்கணும்னு கட்டாயமில்லை, கேட்டது பதிவுல இருக்கட்டும். லீவுல இருக்கும்போது ஆபீஸ் போன் எடுத்து வேலை பார்க்காதீங்க, அப்படிப் பார்த்தா அது லீவே இல்லை. மச்சான் கல்யாண ஊர்வலத்துல ஆடுற ஸ்டேட்டஸும் வேண்டாம், ஆட்டம் தப்பில்லை, ஆனா ஸ்கிரீன்ஷாட் எடுக்க ஆள் இருக்கு.

நோய்ப் பணம் வாங்குற காலத்துல வேலையை விட்டு நீக்கக் கூடாது, தண்டிக்கக் கூடாதுன்னு 1948-ல எழுதின ஈ.எஸ்.ஐ. சட்டத்தோட 73-ஆம் பிரிவுலயே போட்டிருந்தாங்க; 2025 நவம்பர்ல அந்தச் சட்டத்துக்குப் பதிலா சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்துடுச்சு, இப்போதைய விதியைக் கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க. பேப்பர் போட்டவருக்கு அந்தக் குடை கிடையாது.

எதிரணிக்கு நானே ஒரு மார்க் தரேன். கையை ஓங்குறாங்க, அசிங்கமாப் பேசுறாங்க, எழுதிக் கொடுத்தும் மாறலைன்னா அந்த இடம் வேண்டாம். அப்பவும் வரிசை இதுதான்: முதல்ல லீவு, வைத்தியம், தூக்கம் திரும்பட்டும், கையில அடுத்த வேலை வரட்டும், அப்புறம் பேப்பர். அந்தப் பேப்பர்ல கையெழுத்து நடுங்காது.

நடுவர் மணியைத் தொட்டுட்டார். வேலைக்குத் திரும்புற அன்னிக்கு 'தகுதி' சான்றை மறக்காம எடுத்துட்டுப் போங்க, அது இல்லாம கேட்லயே நிறுத்துவாங்க. தீர்ப்பை லீவு போடுவதேன்னு எழுதுங்க நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.